ஒரு பிரதிக்குப் பத்து வாசகர்: வட இந்திய வெகுசன நாவல்களும் கைமாறிய வாசிப்பும்

1

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் அச்சுப் பண்பாட்டை ஆராய்வோர் முதலில் நாடும் சான்று, 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்தால் உருவானது. அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்ய வகைசெய்த அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாகாண அரசும் காலாண்டுதோறும் நூற்பட்டியல் வெளியிட்டது. நூலின் தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், பக்க எண்ணிக்கை, அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் என அப்பட்டியலில் பல பத்திகள் உண்டு. நூல் வரலாற்றுக்கு இவ்வளவு ஒழுங்கான ஆவணம் வேறு பல நாடுகளில்கூடக் கிடைப்பதில்லை. ஆயினும் அதில் ஒரு பத்தி இல்லை. அந்நூலை யார் படித்தார் என்பதே அது.

இக்குறையை அச்சட்டத்துக்கு முன்னரே ஒருவர் உணர்ந்திருந்தார். வங்காளத்தில் பணியாற்றிய பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1857இல் கல்கத்தாவின் வங்காள அச்சகங்கள் வெளியிட்ட நூல்களைக் கணக்கெடுத்து 1859இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நீல் தர்பண் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் சிறை சென்ற அதே லாங்தான். அச்சான பிரதிகளைக் கூட்டிச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் பரவலாக இருந்ததைக் கண்ட அவர், ஒரு பிரதிக்குச் சராசரியாகப் பத்துப் பேர் வாசகராகவோ கேட்பவராகவோ இருப்பர் என்று மதிப்பிட்டார்.

பத்து என்பது ஊகம்தான். எனினும் அந்த ஊகம் ஓர் அடிப்படை உண்மையைச் சுட்டுகிறது. இந்தியாவில் நூல் என்பது பெரும்பாலும் ஒருவரின் உடைமையாக இருந்து ஒருவரால் மட்டும் படிக்கப்பட்ட பொருள் அன்று. அது கைமாறியது, இரவலாகச் சென்றது, வாடகைக்குப் போனது, கூட்டத்தின் நடுவே ஒலித்தது. எந்த வகை நூல்கள் மிகுதியாகக் கைமாறின என்று கேட்டால், மாயக்கதை, துப்பறியும் கதை, மர்மக்கதை, காதல் கதை ஆகியவையே முன்னிற்கும். இலக்கிய வரலாறுகள் மிகக் குறைவாகப் பேசியிருப்பதும் இவ்வகைகளைப் பற்றியே. வாசகர்கள் தம்முள் எதைப் பகிர்ந்துகொண்டனர் என்பதற்கும் இலக்கிய வரலாறு எதைப் பதிவு செய்தது என்பதற்கும் இடையிலான இந்த இடைவெளியை இந்தி, உருது வட்டாரம் தெளிவாகக் காட்டுகிறது.

2

லக்னோவில் 1858இல் முன்ஷி நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம், தெற்காசியாவின் மாபெரும் அச்சகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. குர்ஆனும் புராணங்களும் சட்ட நூல்களும் பள்ளி நூல்களும் அங்கே அச்சாயின. அவ்வச்சகத்தின் பெருமுயற்சிகளுள் ஒன்று அமீர் ஹம்சாவின் தாஸ்தான். தாஸ்தான் என்பது வாய்மொழியாக இரவு பகலாக நீட்டிச் சொல்லப்படும் வீரக்கதை. அதன் நடுப்பகுதியான திலிஸ்மே ஹோஷ்ருபாவை முகம்மது ஹுசைன் ஜாஹும் அகமது ஹுசைன் கமரும் எழுத, 1883 முதல் 1893 வரை அது வெளிவந்தது. முழுத் தாஸ்தானும் 46 தொகுதிகளாக விரிந்தது. மந்திரவாதிகள் கட்டிய மாய உலகம் திலிஸ்ம். வேடம் மாற்றியும் மயக்கமருந்து தூவியும் எதிரியை ஏமாற்றும் தந்திரக்காரர் ஐயார். அடுத்த நூறாண்டு வட இந்திய வெகுசனக் கதைகளுக்கு வேண்டிய பொருள்களுள் பல இவ்விரு சொற்களுக்குள் அடங்கியிருந்தன.

இவ்வளவு பருமனான தொகுதிகளை எத்தனை பேர் விலைக்கு வாங்கியிருக்க முடியும்? ஒரு நேரடிச் சாட்சியம் கிடைக்கிறது. அதை அளித்தவர் பிரேம்சந்த்.

1880இல் பிறந்த பிரேம்சந்த், தம் முதல் படைப்பைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதிய கட்டுரையில் கோரக்பூரில் கழித்த சிறுவயது நாள்களை நினைவுகூர்கிறார். அப்போது அவருக்கு வயது 13 அளவில் இருக்கும். இந்தி அறவே தெரியாது. உருது நாவல்களின்மீது தீராத மோகம். புத்திலால் என்னும் புத்தக வியாபாரியின் கடையில் போய் அமர்ந்து, விற்பனைக்கு வைத்திருந்த நாவல்களை எடுத்துப் படிப்பார். ஆனால் நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருக்க முடியாது. அதற்கு ஓர் ஏற்பாடு பிறந்தது. ஆங்கிலப் பாடநூல்களுக்கான நோட்ஸுகளைக் கடையிலிருந்து எடுத்துச் சென்று பள்ளி மாணவர்களிடம் விற்றுத் தருவார். அதற்கு ஈடாக நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நாவல்களை அவர் படித்து முடித்தார். அவற்றுள் திலிஸ்மே ஹோஷ்ருபாவின் பல பகுதிகளும், ரதன்நாத் சர்ஷார், அப்துல் ஹலீம் ஷரர் ஆகியோரின் நாவல்களும், ஆங்கிலேயரான ரெய்னால்ட்ஸின் உருது மொழிபெயர்ப்புகளும் இருந்தன.

இச்சாட்சியம் பல வகைகளில் முக்கியமானது. முதலாவது, அச்சிறுவன் ஒரு நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை. விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து வாசகரை எண்ணினால் பிரேம்சந்தே வாசகர் அல்லர் என்ற முடிவு கிடைக்கும். இரண்டாவது, பாடநூலுக்கான நோட்ஸும் மாயக்கதையும் ஒரே கடையில், ஒரே பண்டமாற்றில் இணைந்திருந்தன. தேர்வுக்குரிய ஆங்கிலக் கல்வி, தேர்வுக்கு அப்பாற்பட்ட உருது வாசிப்புக்கு வழிசெய்தது. மூன்றாவது, 1936இல் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி இலக்கியத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேசிய எழுத்தாளரின் வாசிப்பு, மந்திரவாதிகளிடமிருந்தும் ஐயார்களிடமிருந்தும் தொடங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

3

ரெய்னால்ட்ஸின் பெயர் இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் (1814-1879), லண்டனின் இருண்ட சந்துகளையும் அரண்மனை அந்தரங்கங்களையும் வாராந்தர மலிவுப் பதிப்புகளில் எழுதிய தொடர்கதை ஆசிரியர். இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்றில் அவர் நெடுங்காலம் ஓர் ஓரத்துப் பெயர். இந்தியாவிலோ நிலைமை வேறு. நூலகப் பட்டியல்களையும் இரவல் பதிவுகளையும் ஆராய்ந்த பிரியா ஜோஷி, காலனிய ஆட்சி பாடத்திட்டத்தில் வைத்த உயர் இலக்கியத்தைக் காட்டிலும் ரெய்னால்ட்ஸ் போன்றோரின் பரபரப்புக் கதைகளையே இந்திய வாசகர் பெரிதும் நாடினர் என்று காட்டியுள்ளார். பாடத்திட்டம் ஒன்றைக் கொடுத்தது; வாசகர்கள் தமக்குள் வேறொன்றைக் கைமாற்றிக்கொண்டனர்.

கைமாறிய அந்நூல்கள் மொழியும் மாறின. உருது, வங்காளி, இந்தி, மராத்தி எனப் பல மொழிகளில் ரெய்னால்ட்ஸ் பெயர்க்கப்பட்டார். கவிஞர் ரியாஸ் கைராபாதிகூட அவரை உருதுவில் தந்ததைப் பிரேம்சந்த் குறிப்பிடுகிறார். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் ஆங்கிலப் பரபரப்பு நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்ததும் இந்தப் பேரலையின் ஒரு கிளையே. தழுவல் என்றால் தரம் குன்றிய செயல் என்ற எண்ணம் பிற்காலத்தது. அக்கால எழுத்தாளருக்குத் தழுவல் என்பது, தாம் படித்துச் சுவைத்த ஒன்றை அடுத்த வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் வழி. அவ்வகையில் அதுவும் பகிர்வின் ஒரு வடிவமே.

4

தேவகி நந்தன் கத்ரி (1861-1913) எழுத்துத் துறைக்கு வந்த வழியும் வழக்கமானது அன்று. காசி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட சகியா, நௌகட் காடுகளில் ஒப்பந்ததாரராக இருந்தவர் அவர். அக்காடுகளில் சிதைந்து கிடந்த கோட்டைகளும் குகைகளும் அவருடைய கதைகளுக்குக் களமாயின. 1880களின் இறுதியில் சந்திரகாந்தா வெளிவரத் தொடங்கியது. பின்னர் 24 பகுதிகளாகச் சந்திரகாந்தா சந்ததி தொடர்ந்தது. 1898இல் காசியில் லஹரி அச்சகத்தை அவரே நிறுவினார். திலிஸ்மும் ஐயாரும் உருது தாஸ்தானிலிருந்து நாகரி எழுத்துக்கு இடம்பெயர்ந்தது இவ்வாறுதான். ஒரு முக்கிய மாற்றத்தையும் கத்ரி செய்தார். தாஸ்தானில் திலிஸ்ம் மந்திரத்தால் இயங்கும். கத்ரியிடம் அது பெரும்பாலும் பொறிகளாலும் விசைகளாலும் இரகசிய வழிகளாலும் இயங்கும். வியப்புக்குப் பின்னால் ஒரு விளக்கம் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அவர் வாசகரிடம் வளர்த்தார். துப்பறியும் கதைக்கு வேண்டிய மனப்பழக்கமும் அதுவே.

சந்திரகாந்தாவைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்ற கூற்று இன்றும் பாடப்புத்தகம் முதல் மேடைப்பேச்சு வரை ஒலிக்கிறது. இதற்கு எண்ணிக்கைச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் எளிதன்று. அக்கால வடமேற்கு மாகாணத்தில் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் உரியதாக உருது எழுத்து ஆழ வேரூன்றியிருந்தது. நீதிமன்றங்களில் நாகரி எழுத்தையும் அனுமதித்த ஆணை 1900இல்தான் வந்தது. பிரேம்சந்த் போன்ற படித்த காயஸ்தர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட நாகரி தெரியாத காலம் அது. அந்நிலையில், பேச்சுக்கு நெருக்கமான எளிய நடையில் எழுதப்பட்ட, நண்பர்கள் ஓயாது பேசிக்கொண்டிருந்த ஒரு கதை, எழுத்தைக் கற்க ஒருவரைத் தூண்டியிருக்கும் என்பதில் வியப்பில்லை. மொழிவாரியங்களும் மனுக்களும் செய்ய முயன்றதை ஒரு மாயக்கதை தன் வழியில் செய்துகொண்டிருந்தது.

இக்கூற்றுக்கு மிகப் பெரிய சாட்சி, கத்ரியை ஏற்காத ஒருவர்தான் என்பது குறிப்பிடத்தக்கது. ஆச்சார்ய ராமச்சந்திர சுக்ல், 1929இல் வெளியான தம் இந்தி இலக்கிய வரலாற்றில், கத்ரி உருவாக்கிய அளவுக்கு வாசகரை வேறெந்த இந்தி எழுத்தாளரும் உருவாக்கவில்லை என்றும், சந்திரகாந்தாவுக்காகவே பலர் இந்தி கற்றனர் என்றும் ஒப்புக்கொள்கிறார். அதே இடத்தில், இந்நாவல்களில் நிகழ்ச்சிகளின் விந்தை உண்டே ஒழிய ரசமோ உணர்வுச் செழுமையோ பாத்திரச் சித்திரிப்போ இல்லை என்பதால் இவை இலக்கியத் தகுதி பெறா என்றும் தீர்ப்பளிக்கிறார். வாசகரை உருவாக்கியவர், ஆனால் இலக்கியம் படைக்காதவர் என்ற இந்த இரட்டைத் தீர்ப்பு, அடுத்த பல பதிற்றாண்டுகளுக்கு இந்தித் துறைகளின் பாடத்திட்டத்தை வடிவமைத்தது. அதன் விளைவாக, இந்தி வாசகர் உலகம் எங்ஙனம் தோன்றியது என்ற கேள்வி ஒரு பத்தியில் அடக்கப்பட்டது. அவ்வாசகர் யாவர், எவ்வாறு படித்தனர், யாரிடமிருந்து நூல் பெற்றனர் என்பவை ஆராயப்படாமல் நின்றன.

5

துப்பறியும் கதையின் வரலாற்றில் வங்காளம் வேறொரு பாதையில் சென்றது. கல்கத்தா காவல்துறையின் துப்பறியும் பிரிவில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் 1892 முதல் தாரோகார் தப்தர் என்னும் வரிசையில் தம் வழக்குகளைக் கதையாக்கினார். பின் வந்த பாஞ்ச்கடி தே, தினேந்திர குமார் ராய் ஆகியோர் மலிவுப் பதிப்புகளின் வாசகரைப் பெருக்கினர். 1932இல் சரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் பக்ஷி தோன்றினான். தன்னைத் துப்பறிவாளன் என்று அழைத்துக்கொள்ள விரும்பாமல் சத்யான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று சொல்லிக்கொண்டவன் அவன். 1965இல் சந்தேஷ் சிறுவர் இதழில் சத்யஜித் ராயின் ஃபெலூதா வந்தான். சரதிந்துவும் ராயும் ஏற்கெனவே மதிப்புப் பெற்ற பெயர்கள். அவர்கள் கதைகள் வெளிவந்ததும் நடுத்தர வர்க்கம் வீட்டில் வரவேற்ற இதழ்களில். ஆகவே அங்கே துப்பறியும் கதை வரவேற்பறையிலேயே வளர்ந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்ளும் பொருளானது.

இந்தியில் நிலைமை எதிர்மாறு. காஜிப்பூர் மாவட்டத்துக் கஹ்மர் என்னும் ஊரைச் சேர்ந்த கோபால் ராம் கஹ்மரி, 1900இல் ஜாஸூஸ் என்ற மாத இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். துப்பறியும் கதைக்கென்றே ஓர் இதழ் நிலைத்து நின்றதே வாசகர் ஆதரவுக்குச் சான்று. எனினும் இலக்கிய வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. இந்தி அப்போது தேசிய மொழியாகத் தன்னை நிறுவிக்கொள்ளப் போராடிய மொழி. அதன் இலக்கியத்துக்கு ஒழுக்கமும் தேசநலனும் சுமக்க வேண்டிய கடமையாக விதிக்கப்பட்டன. பொழுதுபோக்குக்காக வாசிப்பது அந்தப் பெருமுயற்சிக்குத் துரோகம்போல் தோன்றியிருக்கக் கூடும். எனவே அங்கே மர்ம நாவல் தலையணைக்கு அடியிலும் பாடப்புத்தகத்துக்கு நடுவிலும் ஒளிந்து வாழ்ந்தது. ஒளித்துப் படிக்கப்பட்ட நூல் சான்று விட்டுச்செல்வதில்லை. வரலாற்றாசிரியருக்கு இது வெறும் சமூக இயல்பு மட்டுமன்று. ஆதாரத்தைப் பற்றிய சிக்கலும்கூட.

6

1952 மார்ச்சில் அலகாபாத்திலிருந்து ஜாஸூஸி துனியா என்ற உருது வரிசையின் முதல் நாவல் வெளிவந்தது. எழுதியவர் இப்னே ஸஃபி என்ற புனைபெயர் கொண்ட அஸ்ரார் அகமது. வெளியிட்டவர் அப்பாஸ் ஹுசைனி. பாலுணர்வுக் கதைகளைத் தவிர வேறெதுவும் உருதுவில் விற்காது என்று நண்பர் வட்டத்தில் எழுந்த பேச்சுக்கு மறுமொழியாகவே இம்முயற்சி தொடங்கியதாக அவரே கூறியுள்ளார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் ஜாஸூஸி துனியா நிற்கவில்லை. எழுத்தாளர் கராச்சியில், வெளியீட்டாளர் அலகாபாத்தில் என இருக்க, எல்லையின் இருபுறமும் அவ்வரிசை தொடர்ந்து வந்தது. 1955இல் இம்ரான் வரிசையும் சேர்ந்தது. இந்தி வாசகருக்காக நாகரி எழுத்திலும் அவை அச்சாயின. உருதுவின் ஃபரீதி அங்கே வினோத் ஆனார். இம்ரான் ராஜேஷ் ஆனார். உதவியாளர் ஹமீத் மட்டும் ஹமீதாகவே இருந்தார்.

பிரிவினைக்குப் பின் ஐந்தே ஆண்டு கழித்து, உருது எழுத்து ஒரு மதத்தின் அடையாளமாகச் சுருக்கப்பட்டுவந்த காலத்தில், இதன் பொருள் எளியதன்று. பெயர் மாற்றம், அரசியல் எழுப்பிய சுவரைக் காட்டுகிறது. மாற்றிய பெயருடன் அதே கதை அடுத்த வீட்டுக்குச் சென்றது, அச்சுவரில் இருந்த வாசலைக் காட்டுகிறது. 1960 முதல் மூன்றாண்டு காலம் நோயுற்று எழுதாமலிருந்த இப்னே ஸஃபி, 1963இல் டேட் மத்வாலே நாவலுடன் மீண்டார். அதன் இந்தியப் பதிப்பை அடுத்த ஆண்டு பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி வெளியிட்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

இப்னே ஸஃபியின் நாவல்களில் ஆய்வாளர் தவறவிடக் கூடாத பகுதி, பேஷ்ரஸ் என்னும் முன்னுரை. அதில் அவர் வாசகர் கடிதங்களுக்கு மறுமொழி சொல்வார். சென்ற நாவலைப் பற்றிய குறைகளுக்கு விளக்கம் தருவார். சில நேரம் கேலியும் செய்வார். இந்தியில் சுரேந்திர மோகன் பாடக் பின்னாளில் தம் நாவல்களின் தொடக்கத்தில் எழுதிய ஆசிரியர் உரையும் இவ்வகையே. முந்தைய நாவலைப் பற்றி வாசகர்கள் கூறிய பாராட்டும் கண்டனமும் அதில் இடம்பெறும். நாவலுக்காக நூலை எடுத்த வாசகர், பிற வாசகர் என்ன நினைத்தனர் என்பதையும் அங்கே படித்தார். கடிதங்கள் அழிந்திருக்கலாம், அவற்றின் எதிரொலி இம்முன்னுரைகளில் எஞ்சியுள்ளது. வாசகரின் குரலைத் தேடுவோருக்கு இதைவிடத் தொடர்ச்சியான அச்சுச் சான்று இவ்வகை எழுத்தில் அரிது.

7

இந்நூல்கள் எவ்வழியாகப் பயணம் செய்தன? முதல் வழி ரயில். 1877இல் அலகாபாத்தில் தொடங்கிய ஏ. எச். வீலர் நிறுவனத்தின் ரயில் நிலையப் புத்தகக் கடைகள், நெடுந்தூரப் பயணத்துக்கென ஒரு வாசிப்பையே உருவாக்கின. ரயிலில் வாங்கிய நூல், பயணம் முடிந்ததும் சேருமிடத்து உறவினர் வீட்டில் தங்கிவிடும். இரண்டாவது வழி அஞ்சல். தீனாநாத் மல்ஹோத்ரா 1958இல் தொடங்கிய ஹிந்த் பாக்கெட் புக்ஸ், ஒரு ரூபாய் விலையில் கையடக்க நூல்களை அளித்ததோடு, வீட்டு நூலகத் திட்டம் என்ற பெயரில் நூல்களை வாசலுக்கே அனுப்பவும் செய்தது. மூன்றாவது வழி, எல்லாவற்றிலும் மிகுதியாகப் பரவியதும் மிகக் குறைவாக ஆவணப்பட்டதுமான வாடகை நூலகம்.

வாடகை நூலகம் பெரும்பாலும் ஒரு சிறு கடை. பலவேளை எழுதுபொருள் கடையின் ஒரு பக்கம், அல்லது தெருமுனையில் இரண்டு மர அலமாரி. முன்பணம் கட்டி, நாளொன்றுக்குச் சில காசு வாடகை கொடுத்து நாவலை எடுத்துச் செல்லலாம். நாள் கணக்கில் வாடகை என்பதால் வேகமாகப் படிக்க வேண்டும். ஒரே இரவில் வீட்டில் மூன்று நான்கு பேர் மாறி மாறிப் படித்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுப்பர். பதிவேட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். பையனை அனுப்பி நாவல் வரவழைத்த தாயோ அக்காளோ அப்பெயருக்குப் பின்னால் மறைந்திருப்பர். லாங் சொன்ன பத்துப் பேரில் பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதிவேடு ஒருபோதும் விடை தராது.

மீரட் நகரம் இந்திப் பாக்கெட் நாவல்களின் பெருந்தொழிற்கூடமானபோது, அதன் சந்தைக்கு அடித்தளமாக நின்றவை இக்கடைகளே. வேத் பிரகாஷ் சர்மாவின் வர்தி வாலா குண்டா 1993இல் வெளிவந்தபோது இவ்வுலகம் அதன் உச்சியில் இருந்தது. அதன் விற்பனை குறித்து வியக்கத்தக்க எண்ணிக்கைகள் வழங்குகின்றன. அவை வெளியீட்டாளர் தரப்பினவாதலால் அவற்றை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். அதே ஆண்டு பியோம்கேஷ் பக்ஷியும் மறு ஆண்டு சந்திரகாந்தாவும் தூர்தர்ஷனில் தொடராக வந்தன. பாடத்திட்டம் ஏற்காத திலிஸ்ம் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் சென்றது. ஆனால் அதே தொலைக்காட்சியும் பின்வந்த தனியார் அலைவரிசைகளும் மாலைநேரத்தைக் கைப்பற்றியபோது, வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

8

மூடப்பட்ட கடைகளின் நூல்கள் எங்கே சென்றன என்ற வினா, வெறும் ஏக்கத்தின் வெளிப்பாடு அன்று. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டாளரும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பாக்கெட் நாவல் வெளியீட்டாளர் எல்லாரும் அதைப் பின்பற்றியவர் அல்லர். பல்கலைக்கழக நூலகங்களோ இவற்றை வாங்கத் தகுதியற்றவை என்று கருதின. மட்டமான தாளில் அச்சாகிப் பல கை மாறிய நூல், கிழிந்து எடைக்குப் போவதே இயல்பு. ஆக, எந்த நூல் மிகுதியாகப் படிக்கப்பட்டதோ அதுவே மிகுதியாக அழிந்தது. எஞ்சிய நூல்களை மட்டும் கொண்டு எழுதப்படும் வாசிப்பு வரலாறு, படிக்கப்படாத நூல்களின் வரலாறாக முடியும் ஆபத்து இதில் உள்ளது.

காப்பாற்றியவர் சிலர் உண்டு. அவர்களுள் பலர் நிறுவனம் சாராதவர் அல்லது நிறுவனத்தின் விளிம்பில் நின்றவர். அஞ்சல் துறை அதிகாரியாகப் பணியாற்றிய உருது விமர்சகர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935-2020), சிதறிக் கிடந்த ஹம்சா தாஸ்தானின் 46 தொகுதிகளையும் பல்லாண்டு தேடிச் சேர்த்து, அவற்றைப் பற்றி விரிவான ஆய்வும் எழுதினார். அவரே இப்னே ஸஃபியின் நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவற்றை 2011இல் வெளியிட்டது சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ் வெகுசனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை 2008இல் கொண்டுவந்ததும் அதே பதிப்பகம்தான். செவ்வியல் உருதுக் கவிதையின் மிகப் பெரிய அறிஞர் ஒருவர் மாயக்கதையையும் துப்பறியும் கதையையும் ஒரே அக்கறையுடன் அணுகினார் என்பது, சுக்லின் தீர்ப்புக்கு எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி என்றே கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான முன்மாதிரி கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992இல் அவர் மறைந்தபின் அவருடைய சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சிற்றிலக்கியத்தோடு மலிவு நாவலையும் நாடக அறிக்கையையும் பாட்டுப் புத்தகத்தையும் அவர் சேர்த்துவைத்ததால்தான் தமிழ் வெகுசன வாசிப்பைப் பற்றிய ஆய்வுகள் இன்று இயல்கின்றன. தரம் பிரித்துச் சேகரித்திருந்தால் அவை இயன்றிரா.

9

வாசிப்பு வரலாற்றில் ஈடுபடும் மாணவருக்கு இவற்றிலிருந்து சில முறைசார்ந்த முடிவுகள் கிடைக்கின்றன. அச்சு எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாகக் கொள்ளல் ஆகாது. நூலின் உள்ளடக்கத்தைப் போலவே அதன் உடலும் ஆவணம். முதல் பக்கத்தில் உள்ள வாடகை நூலக முத்திரை, பின்னட்டையில் எழுதிய தேதிகள், ஓரத்தில் பென்சிலால் ஒருவர் எழுதிய அருமை என்ற சொல்லும் அதன் கீழே இன்னொருவர் எழுதிய மறுப்பும், கொலைகாரன் யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த குறும்பும் வாசகரின் நேரடிச் சான்றுகள். பழைய பிரதிகளை மின்வடிவாக்கும்போது இக்குறிப்புகளை அழுக்கென்று கருதி, தூய்மையான பிரதியையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் மாற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகை நூலகக் காலத்தில் வாசித்த தலைமுறை இன்னும் வாழ்கிறது. அவர்களிடம் வாய்மொழி வரலாறு சேகரிப்போர் பெரும்பாலும் கேட்பது, பிடித்த நூல் எது என்ற கேள்வி. அதற்கு வரும் விடை பலவேளை மரியாதைக்குரிய பெயராகவே இருக்கும். பிரேம்சந்தின் பெயர் வரும்; இப்னே ஸஃபியின் பெயர் தயங்கித் தயங்கியே வரும். அந்த நூல் யாரிடமிருந்து வந்தது, படித்தபின் யாரிடம் சென்றது, யாருக்குத் தெரியாமல் படிக்கப்பட்டது என்று கேட்டால் விடை வேறாக இருக்கும். ஒரு நூலின் பெயரோடு ஒரு வீடும் ஒரு தெருவும் ஒரு கடையும் அவ்விடையில் வந்து சேரும்.

1867ஆம் ஆண்டின் பட்டியலில் இல்லாத அந்தப் பத்தியை இனி எந்த அரசும் நிரப்பப் போவதில்லை. புத்திலாலின் கடையில் நோட்ஸ் விற்று நாவல் வாங்கிச் சென்ற சிறுவனைப் பற்றி நாம் அறிவது, அவன் பிற்காலத்தில் பிரேம்சந்த் ஆனதால். அதே கடையில் அதே நூலைப் படித்து, எழுத்தாளர் ஆகாமல் போன மற்றவர்களே பெரும்பான்மையினர். வட இந்தியாவில் வெகுசன நாவலைத் தாங்கி நிறுத்தியவர்கள் அவர்களே. அவர்களைத் தேடும் ஆய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் இருக்கிறது.